மரைக்கார் யாருடைய பெயர்? மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு குடிவழித் தேடல்

இலண்டனில் வாழும் உறவுக்காரத் தம்பி ஒருவரின் கேள்வியோடு இந்தத் தேடல் தொடங்கியது. அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் 'மரைக்கார்' என்றிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் வரைய வேண்டும். "நம்ம மரைக்கார் குடும்பம் எங்கிருந்து வந்த? காயல்பட்டினமா, கீழக்கரையா, பேருவளையா? கொஞ்சம் தேடித் தாங்க காக்கா" எண்டு கேட்டார். இப்படியான விடயங்களில் ஆர்வமுள்ள நாங்கள் நாலு பேர் சேர்ந்து தேடினோம். ஒருவர் ஏறாவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருவர் அக்கரைப்பற்றில் நொத்தாரிசு ஒருவரிடம் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவர். மற்றவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஆசிரியை. நாலாவது ஆள் நான்.

தேடலில் கிடைத்த விடை அந்தத் தம்பி எதிர்பார்த்ததல்ல. என்றாலும் நமது பிரதேச முஸ்லிம்களின் வம்சம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிற விடை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரும் பதவியும்

முதலில் ஒரு அடிப்படை விடயம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இருக்கவில்லை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுத் தன் பெயரை எழுதுவோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். ஆக, 'சர்நேம்' எண்ட கட்டத்தை நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் வந்தது. அப்போது கைக்குக் கிடைத்ததை எழுதினோம். சிலர் வாப்பாவின் பெயரை எழுதினார்கள். சிலர் மூத்தவாப்பாவின் பட்டத்தை எழுதினார்கள்.

பட்டங்களில்தான் சிக்கல். மரைக்கார், லெப்பை, போடி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகக் கரையோரத்தில் மரைக்காயர், லெப்பை என்பவை சமூகப் பிரிவுகளின் பெயர்கள். இலங்கையின் மேற்குக் கரையில் மரிக்கார் என்பது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் வாவிக்கரை ஊர்களில் மரைக்கார் என்பது ஒரு பதவி. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு குடியின் சார்பாக உட்காருபவர் அவர். குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய வழக்கு. கந்தூரிக்கு அரிசி சேர்ப்பது, குடிக்குள் வரும் பிணக்கை விசாரிப்பது, கலியாணப் பேச்சில் சாட்சியாக நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. போடி என்பது வயற்காணி உடையவருக்கு வழங்கிய மரியாதைப் பெயர். அது தமிழருக்கும் உண்டு, முஸ்லிமுக்கும் உண்டு. மார்க்கப் பணி செய்தவர் லெப்பை. அதோடு, உதுமாலெவ்வை, மீராலெவ்வை எண்டு பெயரின் வாலாகவும் அது ஒட்டிக்கொள்ளும்.

எனவே 'மரைக்கார்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு காயல்பட்டினம் வரை போவதற்கு ஆதாரம் இல்லை. அது ஊர்ப் பெயரோ இனப் பெயரோ அல்லாமல் ஒரு நாற்காலியின் பெயராகவும் இருக்கலாம்.

குடி என்றால் என்ன?

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதற்குத் தெற்கே சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரையிலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி முறை உண்டு. ஒருவர் தாயின் குடியைச் சேர்ந்தவர். ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் தாயின் குடிதான். ஆனால் பெண் மட்டுமே அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். ஆணின் பிள்ளைகள் அவன் மனைவியின் குடியாகிவிடுவார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. குடிக்குள்ளே இன்னும் நெருங்கிய தாய்வழிக் கிளையை 'வயித்துவார்' எண்டு மூத்தவர்கள் சொல்வார்கள். ராசாம்பிள்ளை குடி, வரிசைநாச்சி குடி, பணிக்கனார் குடி, லெப்பை குடி முதலியன முஸ்லிம்களிடையே வழங்கும் குடிப் பெயர்களிற் சில. இவற்றுள் பணிக்கனார் குடி தமிழரிடமும் உண்டு.

இந்த முறையை ஆராய்ந்தவர்கள் பலர். முக்குவரின் வாரிசுரிமை வழக்குகளைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் ஒரு நூலை வெளியிட்டார். முதுசொம் எனப்படும் பரம்பரைச் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனதை அந்த வழக்குகளில் காணலாம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடி முறை பற்றி 2008 இல் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது.

இது நமக்கு மட்டும் உரிய விந்தையுமல்ல. வட மலபாரின் மாப்பிள்ளைத் தறவாடுகளும் கண்ணூர் அறக்கல் அரச குடும்பமும் தாய்வழியைப் பேணியவை. அறக்கலில் பீவிமார் ஆட்சியும் செய்தார்கள். இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில் மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகமும் அவர்கள்தான்.

தேடிய விதம்

நம்பக்கூடிய மரம் வேண்டுமெனில் கதையிலிருந்து தொடங்கக் கூடாது, காகிதத்திலிருந்தும் மனிதரிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது எங்கள் நாலு பேரின் உடன்பாடு. மூன்று வழிகளில் போனோம்.

முதலாவது, வீட்டுப் பெண்கள். ஆண்களிடம் கேட்டால் வாப்பா, மூத்தவாப்பா, அதற்கு மேலே ஒரு பெயர், அவ்வளவில் நின்றுவிடும். பெண்களிடம் கேட்டால் அப்படியில்லை. "அவ என்ட உம்மம்மாட ராத்தாட மகள் மனே, அந்தக் கிணத்தடி வளவுல இருந்தவ" எண்டு உறவும் வளவும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, காணி உறுதிகள். இங்கே கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். எனவே ஆண்கள் ஒழுங்கை மாறுவார்கள், பெண்வழி அதே ஒழுங்கையில் நிற்கும். ஒரு சீதன உறுதியில் கொடுக்கும் பெற்றோர், வாங்கும் மகள் என இரண்டு தலைமுறை கிடைக்கும். அதைவிடப் பெறுமதியானது எல்லை விபரம். "வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் வளவு" என்று எழுதியிருக்கும். அந்த 'இன்னார்' பெரும்பாலும் சகோதரியோ தாயின் சகோதரியின் மகளோதான். நாலு எல்லையையும் படித்தால் ஒரு வயித்துவாரின் வரைபடமே கையில் இருக்கும். எழுதுவினைஞராக இருந்த நண்பருக்கு இந்த வாசிப்பு தண்ணிபட்ட பாடு. 1961 இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது. அதற்கு முந்திய ஆவணம் தேடும் தெற்குப் பகுதியார், தங்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பிறப்பு, விவாகப் பதிவுகளும் பள்ளிவாசல் ஏடுகளும். கலியாணக் கடுத்தத்தில் மாப்பிள்ளையின் தந்தை, பெண்ணின் தந்தை பெயர்கள் இருக்கும். தாயின் பெயர் தேட வேண்டுமானால் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும். பள்ளிவாசலின் பழைய கணக்குக் கொப்பிகளில் குடிவாரியாகச் சேர்த்த அரிசியும் பணமும், ஒப்படைத்த மரைக்காரின் பெயரும் இருக்கும். மையவாடி இந்தத் தேடலில் அதிகம் உதவாது. நம்மூர் மீசான் கட்டைகள் பெரும்பாலும் எழுத்தில்லாதவை.

கிடைத்த விடை

இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்தபோது படம் தெளிந்தது. இலண்டன் தம்பியின் பூட்டன் தன் குடிக்கு மரைக்காராக இருந்தவர். ஆனால் அவருடைய வாப்பா மரைக்கார் அல்ல. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவருடைய தாய்மாமன்.

இது தற்செயலல்ல. பதவி குடிக்கு உரியது. குடி தாய்வழி. ஆகவே ஒரு மரைக்காரின் இடத்துக்கு அவருடைய மகன் வர முடியாது, ஏனெனில் மகன் வேறு குடி. மருமகன், அதாவது சகோதரியின் மகன், வரலாம். பூட்டனின் ஆண்மக்களோ அவருக்குக் கிடைத்த மரியாதைப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்து எழுதினார்கள். பிறகு அது கடவுச்சீட்டில் உறைந்தது. அதாவது, மரைக்கார் என்ற பெயரைத் தந்தைவழியாகச் சுமப்பவர்களுக்கு அந்தப் பதவியில் உரிமையே இருக்கவில்லை. உரிமை இருந்த சகோதரியின் பிள்ளைகளோ வேறு பெயர்களில் அதே ஊரில் இருக்கிறார்கள். பெயரைப் பின்தொடர்ந்து மேலே போனால் நாலாவது படியோடு அது முடிந்துவிடுகிறது. குடியைப் பின்தொடர்ந்தால் பாதை இன்னும் நீள்கிறது.

தம்பிக்கு முதலில் ஏமாற்றம்தான். "அப்ப நாங்க மரைக்கார் இல்லையா?" என்றார். பூட்டன் மரைக்காராக இருந்தது உண்மை, அதைப் பெருமையாகச் சொல்லலாம், ஆனால் வம்ச மரத்தில் அந்தப் பெயருக்கு மேலே காயல்பட்டினம் என்று எழுத ஆதாரமில்லை என்று விளங்கப்படுத்தினோம்.

அரபியா, உள்ளூரா?

இதற்கு அப்பால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. முஸ்லிம்களுக்கு இந்தக் குடிகள் எப்படி வந்தன? ஊர் மரபு ஒரு கதை சொல்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம் வீரர்கள் முக்குவருக்குத் துணை நின்றார்கள். வென்றபின் அவர்களை ஏறாவூரில் குடியேற்றிப் பெண்ணும் கொடுத்தார்கள். சத்துருக்கொண்டான், சந்திவெளி, வந்தாறுமூலை என்ற ஊர்ப் பெயர்களும் அந்தச் சண்டையோடு இணைத்தே சொல்லப்படுகின்றன. இன்னொன்று, போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்களில் வரும் செய்தி.

கதையின் ஒவ்வொரு வரியும் நடந்ததா என்பது ஒருபுறமிருக்க, அதன் உள்ளே உள்ள தருக்கம் கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து வந்த ஆண்கள் தாய்வழி வழக்குள்ள பெண்களை முடித்தால், பிள்ளைகளுக்கு மார்க்கம் வாப்பாவிடமிருந்தும் குடி உம்மாவிடமிருந்தும் வரும். இன்று நம்மிடம் இருப்பது அப்படியே இதுதான்.

ஒரு கணக்குப் போடுங்கள். நமக்குப் பெற்றோர் 2, அவர்களின் பெற்றோர் 4, பிறகு 8. பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் அது 250 ஆண்டுதான். செனரத் காலத்துக்குப் போனால் பதினாறு தலைமுறை, 65,536 இடங்கள். ஒரே ஆள் பல இடங்களில் திரும்ப வருவார் என்றாலும், தந்தைவழிப் பெயர் காட்டுவது அத்தனையிலும் ஒற்றைக் கோட்டைத்தான். குடி காட்டுவதும் ஒற்றைக் கோடுதான், ஆனால் அது மறு ஓரத்துக் கோடு. இடையில் உள்ள ஆயிரக்கணக்கானோரை இரண்டும் காட்டா. இலண்டன் தம்பி மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்டார். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் மைற்றோகொண்ட்ரியா மரபணு குடியைப் போலவே பயணிக்கிறது. ஆனால் அதுவும் அந்த ஓரத்துக் கோட்டைத்தான் சொல்லும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 1885 இல் பொன்னம்பலம் இராமநாதன் சட்டவாக்க சபையில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அரபு மூலத்தை நிலைநாட்ட நூல் எழுதினார். பிரதிநிதித்துவம் யாருக்கு என்ற அரசியல் அந்த வாதத்தின் பின்னே இருந்தது. இன்றுவரை காணி, எல்லை என்று பிணக்கு வரும்போதெல்லாம் 'முதலில் வந்தவர் யார்' என்று இரு பக்கமும் வம்சத்தை ஆயுதமாக எடுக்கிறார்கள். வாவிக்கரைக் குடி மரம் அதற்கு வசதிப்படாது. வந்தவரும் இருந்தவரும் அதில் ஒரே கிளையில் இருக்கிறார்கள்.

இங்கே தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒலி ஒற்றுமை சான்றாகாது. ஏறாவூரில் யானை பிடித்தவர்களுக்குப் பணிக்கர் என்று பெயர். கேரளத்திலும் பணிக்கர் உண்டு. பணிக்கனார் குடியும் உண்டு. மூன்றையும் ஒரே நூலில் கோப்பதற்கு, சொல் ஒன்று என்பது மட்டும் போதாது.

குடியும் மார்க்கமும்

"இதெல்லாம் ஜாஹிலிய்யத், ஏன் கிளறுறீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. நேர்மையான கேள்வி. நசப் தந்தை வழியே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வாரிசுரிமைக்கும் 1931 இன் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறது. குடி இவற்றுக்கு மாற்றாக வருவதில்லை. முடிக்கக் கூடாத உறவுகள் எவையென அந்நிஸா அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. 'ஒரே குடி' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தூரத்து உறவுகூட இல்லாத இரண்டு பேரின் சம்பந்தத்தைக் குடி சொல்லி முறிப்பதற்கு எங்கள் ஆய்வை யாரும் சான்றாகக் கேட்டால் கொடுப்பதில்லை என்பது நாங்கள் எடுத்த முடிவு. குடியின் பேரால் உயர்வு தாழ்வு பேசுவோருக்கும் அதே பதில்தான்.

ஆனால் குடியை மறந்துவிட்டால் ஒன்றை இழப்போம். நம் ஆவணங்கள் வாப்பாமாரின் பெயரால் நிரம்பியிருக்கின்றன. உம்மாமாரின் வரிசையைச் சொல்லும் ஒரே ஏற்பாடு குடிதான். அது பெரும்பாலும் மூத்தம்மாமாரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளி, 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள், 2004 டிசம்பர் சுனாமி என்று ஒவ்வொன்றும் மனிதரையும் காகிதத்தையும் கொண்டுபோனது. மிச்சமிருப்பது குறைவு.

ஆகவே வாசகர்கள் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் குடியும் வயித்துவாரும் எவை, உம்மா, உம்மம்மா, அவரின் உம்மா என ஏறுவரிசையில் பெண் பெயர்கள், ஒவ்வொருவரும் இருந்த வளவு, கலியாணம் முடித்து வந்த ஆணின் ஊரும் குடியும், சொன்னவர் பெயரும் சொன்ன திகதியும் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய உறுதிகளைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். முதலில் யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டாம். வீட்டில் வயது கூடிய பெண் யாரோ, அவரிடம் போங்கள். இந்த வெள்ளிக்கிழமையே போங்கள்.