காத்தடிச்சாலும் பெடல் நிக்காது!

ஜூன் பொறந்தா ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து தோவாளையில சைக்கிளையே தள்ளும். முப்பந்தல் காத்தாலைக்குக் கொண்டாட்டம். உங்க பிராக்டீஸுக்குத் திண்டாட்டம்! ரூமுக்குள்ளயே மிதிக்கலாம்னு முடிவா? பர்ஸைத் திறக்கும் முன்னாடி இதைப் படிங்க மக்கா!

தனி எக்சர்சைஸ் பைக் வேண்டாம். உங்க சைக்கிளோட பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துற மேக்னட் டிரெய்னர் போதும். செகண்ட் ஹேண்டுல தேடுங்க. மூணு உருளை ரோலருக்கு பேலன்ஸ் பழகணும். ஸ்மார்ட் டிரெய்னரா? முதல் சம்பளம் வரட்டும்!

வாங்கும் முன்னாடி பின் அச்சைப் பாருங்க. சாதா சைக்கிள்ல இருக்கற நட்டை எல்லா டிரெய்னரும் கவ்வாது. ஸ்டாண்ட், கேரியர் இடிக்கும், கழட்டிடுங்க. பின்னால பழைய டயர் போடுங்க, உரசல்ல புதுசு வீணாகும்.

டேபிள் ஃபேன் கட்டாயம். வெளியே காத்து ஓவர். உள்ளே காத்தே கிடையாது, உடம்பு சட்டுனு சூடாகிடும். 5 நிமிஷம் வேகம், 3 நிமிஷம் நிதானம்... கைக்கடிகாரமே கோச்!