ஊர்த்தெருவுக்குத் தண்ணி, காலனிக்கு இல்லையா? 10 ரூபாயில் கணக்கு கேட்கலாம்!

ஊர்த்தெரு குழாயில் தினமும் தண்ணி. காலனியில் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். கேட்டா, 'ஃபண்ட் இல்லப்பா'ன்னு ஒரே பதில். அது உண்மையான்னு ஊராட்சியோட ரெக்கார்டே சொல்லிடும். அதைக் கேட்டு வாங்கத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கு.

என்ன எழுதணும்?

'எங்களுக்கு மட்டும் ஏன் பாகுபாடு?'ன்னு கேட்காதீங்க. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவாங்க. விளக்கம் தரணும்னு கட்டாயம் இல்லை. 'கடந்த 3 ஆண்டுகளில் இந்த இரு தெருக்களிலும் நடந்த குடிநீர், தெருவிளக்குப் பணிகளின் பட்டியல், செலவு விவரம், கிராம சபைத் தீர்மான நகல்'னு கேளுங்க. ரெண்டு தெருவின் பெயரையும் எழுதுங்க. ஒப்பிட்டாதான் வித்தியாசம் தெரியும்.

எப்படி அனுப்பணும்?

வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதுக்காகக் கேட்கிறீங்கன்னு காரணம் சொல்லவும் தேவையில்லை. தபால் ரசீதைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

பதில் வரலைன்னா?

30 நாள் கெடு. தாண்டினா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுக்கும் பலன் இல்லைன்னா, 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அடுத்த கிராம சபையில் யாராவது 'ஃபண்ட் இல்ல'ன்னு ஆரம்பிச்சா, சத்தம் போட வேண்டாம். வந்த பதிலை எடுத்து வாசிங்க, போதும்!