சாரலின் பொய்விரல்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை எட்டிய சில நாள்களிலேயே, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் நுழையும் ஈரக்காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக இறங்கத் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு பெரும்பாலும் மழைமறைவுப் பகுதியாக இருக்க, மலை இங்கே தாழ்ந்து வழிவிடுவதால்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரையும், இவ்வூர்கள் நனைந்தே கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் இதைச் ‘சீசன்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கைபேசித் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காமல் போவதும் இந்த மாதங்களில்தான். குளிர்நாடுகளில் இதே தொல்லைக்குக் காரணம் கம்பளிக் கையுறை, குற்றாலத்தில் காரணம் நீர். இரண்டும் ஒரே மின்விதியின் எதிரெதிர் விளைவுகள் என்பதும், முதலாவதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு இரண்டாவதைச் சில வேளை மோசமாக்குகிறது என்பதும் கைபேசி வாங்குவோருக்குச் சொல்லப்படுவதில்லை.

இன்றைய கைபேசிகளில் உள்ளது மின்தேக்கு வகைத் தொடுதிரை. இரண்டு மின்கடத்திகளைச் சிறு இடைவெளிவிட்டு வைத்தால் அவற்றுக்கிடையே மின்னூட்டம் தேங்கும். எவ்வளவு தேங்க முடியும் என்ற அளவே மின்தேக்குத்திறன் எனப்படுகிறது. திரையின் மேற்கண்ணாடிக்கு அடியில், ஒளியை ஊடுருவவிட்டு மின்சாரத்தையும் கடத்தக்கூடிய இண்டியம் டின் ஆக்சைடு போன்ற பொருளாலான மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு திசைக் கோடுகளில் மின்துடிப்புகளை இடைவிடாமல் அனுப்பி, மறுதிசைக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறது. மனித உடல் உப்புநீர் நிறைந்த மின்கடத்தி என்பதால், விரல்நுனி கண்ணாடிமேல் பட்டதும் கோடுகளுக்கிடையே நிலவும் மின்புலத்தில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சந்திப்பில் அளவு சற்றே குறைய, அங்கே விரல் இருப்பதாகச் சில்லு முடிவுசெய்கிறது. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சாதாரணத் தொடுதிரை பொருட்படுத்துவதே இல்லை. பிக்கோஃபேரடு என்னும் மிகச் சிறிய அலகிலும் ஒரு பின்னமாக நிகழும் இந்த மாற்றத்தை நம்பித்தான் வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை எல்லாம் நடக்கின்றன.

மின்தேக்குத்திறன் இடைவெளி கூடினால் குறையும். கண்ணாடியின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்டது. கம்பளிக் கையுறையோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுடையது, அதிலும் பெரும்பகுதி காற்று. உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கும் அதே காற்றுதான் விரலைத் திரையின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. டொரன்டோவின் ஸ்காப்ரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு ஜனவரிப் பேருந்து நிறுத்தங்களில் இது அன்றாட அனுபவம். தமிழ்நாட்டுக்குள் உதகை போன்ற மலையூர்களின் உறைபனிக் காலைகளில்தான் பெரும்பாலும் இதைக் காண முடியும். தென்காசியில் மார்கழிப் பனியிலும் கையுறை தேடுபவர், இருசக்கர வண்டியில் அதிகாலையில் போகிறவரைத் தவிர, அநேகமாக யாருமில்லை.

மின்தேக்குத் தொடுதிரை புதிய கருத்தன்று. இங்கிலாந்தின் மால்வர்னில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உதவும் என்ற நோக்கில் இதை விவரித்திருந்தார். ஆயினும் தொடக்ககாலத் தொடுதிரைக் கைபேசிகள் பலவற்றில் இருந்தது மின்தடை வகைத் திரை. ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள இரண்டு படலங்கள் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்வதே அதன் செயல்முறை என்பதால், கையுறையோ, நகமோ, குச்சியோ, ஈரமோ அதற்குத் தடையாக இருந்ததில்லை. 2007-இல் ஐபோன் வந்து மின்தேக்கு வகையைப் பொதுவாக்கிய பிறகுதான் கையுறைச் சிக்கல் உலகப் பிரச்சினையாயிற்று. 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தென்கொரியர்கள் கையுறையைக் கழற்ற மனமின்றி, சிற்றுண்டிக் கடைகளில் விற்கும் சிறு இறைச்சிக் குழல்களால் திரையைத் தொட்டு இயக்கியதும், அவற்றின் விற்பனை கூடியதும் அப்போது செய்தியாயின. கேலியாகத் தோன்றினாலும் அறிவியல் சரிதான்: உப்பும் ஈரமும் சேர்ந்த இறைச்சி, விரலைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும்.

தொடுதிரைக் கையுறைகள் இதே வேலையை நாகரிகமாகச் செய்கின்றன. வெள்ளி முலாம் பூசிய நைலான் இழையையோ, நுண்ணிய எஃகு இழையையோ, கார்பன் கலந்த நூலையோ விரல்நுனிப் பகுதியில் சேர்த்துப் பின்னுகிறார்கள்; அந்த நூல் உள்பக்கம் தோலையும் வெளிப்பக்கம் திரையையும் தொட்டு, உடலின் மின்கடத்தும் தன்மையைக் கையுறைக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறது. கையுறை தொளதொளவென்று இருந்து தோல் நூலில் படாமல் போனால் பயன் குறையும். வெள்ளி முலாம் துவைக்கத் துவைக்கத் தேயும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கவும் செய்யும். எஃகு இழை நீடித்து உழைக்கும். ஆனால் சற்று விறைப்பு.

குற்றாலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கையுறை இருக்கிற விரலை இல்லாததாக்குகிறது. சாரல் இல்லாத விரலை இருப்பதாக்குகிறது. மின்புலத்தை எந்த அளவுக்குத் தனக்குள் அனுமதிக்கிறது என்பதைக் குறிக்கும் மின்கடவாமாறிலி காற்றுக்கு ஏறத்தாழ 1, கண்ணாடிக்கு 5 முதல் 10-க்குள், நீருக்கோ சுமார் 80. ஆகவே திரைமேல் விழும் ஒவ்வொரு துளியும் கோடுகளுக்கிடையே உள்ள மின்புலத்தைக் கலைக்கும் வல்லமை பெற்றது. இதில் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. திரைமேல் தனித்து நிற்கும் துளி, இரு திசைக் கோடுகளையும் இன்னும் நெருக்கமாக இணைத்து, விரல் உண்டாக்கும் மாற்றத்துக்கு எதிர்த்திசை மாற்றத்தையே பெரும்பாலும் உண்டாக்குகிறது. இதை விரல் அன்று எனத் தள்ளிவிடச் சில்லுக்குக் கற்றுத்தர முடியும். அதே துளி வழிந்து, பிடித்திருக்கும் கையையோ தொடும் விரலையோ சேர்ந்துவிட்டால், உடலோடு இணைந்த பெரிய விரலாக அது மாறிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஓர் எழுத்தைத் தொட்டால் நான்கு எழுத்து விழுவதும், படம் தானாகவே பெரிதாவதும், யாருக்கோ அழைப்பு போவதும் இதனால்தான்.

துளியைத் துண்டால் துடைத்த பிறகும் தொல்லை சிறிது நேரம் நீடிப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வெப்பம், தூசு முதலியவற்றால் ஏற்படும் மெதுவான மாற்றங்களை ஈடுகட்ட, தொடாத நிலையில் இருக்கவேண்டிய இயல்பான அளவு எது என்பதைச் சில்லு அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கிறது; இதை அடிநிலை எனலாம். நனைந்திருந்தபோது பதிவான அடிநிலையை வைத்துக்கொண்டு, துடைத்து உலர்ந்த திரையை அது ஒப்பிடும்போது, உலர்ந்த இடமே தொடப்பட்ட இடமாகத் தெரிகிறது. திரையை ஒருமுறை அணைத்து மீண்டும் எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடுவது, அடிநிலை புதிதாக எடுக்கப்படுவதால்தான்.

குற்றால அருவிக்குப் போகும் வழிக் கடைகளில் துண்டுகளோடும் சிப்ஸ் பொட்டலங்களோடும் தொங்கும் வாட்டர்புரூப் கவர், இந்தச் சிக்கலுக்கு உள்ளூர் வணிகம் கொடுத்த பதில். கழுத்தில் மாட்டக் கயிறும், வாயை அழுத்திப் பூட்டப் பிளாஸ்டிக் பிடியும் கொண்ட இந்தப் பையின் படலம் மிக மெல்லியது என்பதால், கம்பளியைப் போல் விரலை மறைப்பதில்லை. திரையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் தொடுகை நன்றாகவே வேலை செய்யும், காற்றுக்குமிழி நிற்கும் இடத்தில் செய்யாது. ஆனால் கைபேசியைத்தான் பை காக்கிறது, தொடுகையைக் காப்பதில்லை. பையின் வெளிப்புறம் நனைந்ததும் பொய்விரல்கள் படலத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, தென்காசிப் பேருந்து நிலையத்து வெக்கையில் பைக்குள் அடைபட்ட ஈரக்காற்று, அருவியின் குளிர்ந்த நீர் மேலே பட்டதும் உள்பக்கமாக ஆவிபடிந்து, கேமராவின் முன் வெண்திரை விரித்துவிடும். பழகியவர்கள் கேமராவை முன்பே திறந்துவைத்து, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிப் பூட்டி, நீருக்கு அருகில் போனதும் திரையைத் தொடாமல் ஒலிப் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கிறார்கள். அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தானுக்குத் துளியும் விரலும் வேறுவேறு.

பை வேண்டாம், கைபேசியே நீர்புகாதது என்பவர்கள் அதன் தரக்குறியீட்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஐபி67 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழத்து அசையா நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஐபி68 அதைவிடக் கடுமையானது, ஆழத்தைத் தயாரிப்பாளரே அறிவிப்பார், பல கைபேசிகளுக்கு அது 1.5 மீட்டர். பாய்ந்து வரும் நீரைத் தாங்குவதற்கான சோதனைகள் வேறு, அவற்றின் எண்கள் 5, 6 எனத் தனியே உண்டு. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறியதாகப் பொருளில்லை. சுமார் 60 மீட்டர் உயரமுள்ள குற்றாலப் பேரருவி, நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, அதன் பிறகே குளிப்பவர் தலைமேல் இறங்குகிறது. தடையின்றி 5 மீட்டர் விழும் நீர் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் பெறுகிறது. அந்த வேகத்தில் ஒரு பரப்பின்மேல் நேராக மோதும்போது அது உண்டாக்கும் அழுத்தம், கணக்குப்படி, 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரழுத்தத்துக்குச் சமம். அருவிநீர் காற்றோடு கலந்து சிதறுவதால் முழு அழுத்தமும் வந்து சேராது என்றாலும், ஆய்வகத் தொட்டியின் அமைதியை இதோடு ஒப்பிட முடியாது. நீர்ச் சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

குளித்துக் கரையேறிய பின் அடுத்த சிக்கல். டீக்கடையிலும் பழக்கடையிலும் இன்று கியூஆர் அட்டை இருக்கிறது, பணப்பை கைபேசிக்குள் போய்விட்டது. நீண்ட நேரம் நனைந்த விரல்நுனி சுருங்கிப்போவதை, தோல் நீரில் ஊறி உப்புவதாகவே பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் நரம்பு மண்டலத்தின் கட்டளையால் விரலின் இரத்தக்குழாய்கள் ஒடுங்குவதே முதன்மைக் காரணம். நரம்பு அறுபட்ட விரல்கள் நீரில் சுருங்குவதில்லை என்பதை மருத்துவர்கள் 1930-களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஸ்காப்ரோவின் பனியில் விரல் விறைப்பதற்கும் இதே குழாய் ஒடுக்கம்தான் காரணம். சுருங்கிய விரலில் ரேகைகளின் மேடுபள்ளம் குலைந்திருக்க, பள்ளங்களை நீர் நிரப்பியிருக்க, கைரேகைப் பூட்டு உரிமையாளரையே அந்நியராகக் கருதி மறுப்பதில் வியப்பில்லை. ரகசிய எண்ணைத் தட்டலாம் என்றால், ஈரத்திரை ஓர் இலக்கத்தை இரண்டாகப் பதிகிறது. தொகையை இடும் கட்டத்தில் இது நேர்ந்தால் வேடிக்கை அல்ல.

தயாரிப்பாளர்கள் எந்தச் சிக்கலை முதலில் கவனித்தார்கள் என்பதில் ஒரு வரலாறு தெரிகிறது. கையுறையோடு இயங்கும் திரை என்று விளம்பரப்படுத்தி நோக்கியா லூமியா 920-ஐக் கொண்டுவந்தது 2012-இல். நனைந்த திரையிலும் தொடுகை பிசகாது என்பதை முன்னிறுத்திய ஒன்பிளஸ் 12 இந்தியக் கடைகளுக்கு வந்தது 2024-இல். பருவமழையில் நனையும் நாடுகளில் உலக மக்கள்தொகையின் பெரும்பங்கு வாழ்ந்தும், பனிநாட்டுக் கையுறைக்குக் கிடைத்த முன்னுரிமை மழைக்குக் கிடைக்கவில்லை. கையுறைக்கான தீர்வு உணர்திறனைக் கூட்டுவது, அதாவது சிறிய மாற்றத்தையும் விரலாக ஏற்பது. சாரலுக்கான தீர்வு சந்தேகத்தைக் கூட்டுவது. பின்னதற்கு, ஒவ்வொரு கோட்டையும் தனியே அளக்கும் முறையும் இரு திசைக் கோடுகளுக்கிடையே அளக்கும் முறையும் மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டு, இரண்டிலும் விரல் என்று தெரிவது மட்டுமே விரலாகக் கொள்ளப்படுகிறது. திரைக்கு மேல் கனமான டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய பலர், அமைப்புகளில் உள்ள ‘தொடு உணர்திறன்’ வசதியை இயக்கிவிட்டு மறந்துபோகிறார்கள். உலர்ந்த ஊரில் அதனால் நன்மையே, சாரலிலோ அது ஒவ்வொரு துளிக்கும் அழைப்பு வைப்பதாகும். குற்றாலம் வருபவர்கள் அதை அணைத்துவிட்டு வரலாம்.

நனைந்துவிட்ட கைபேசியை அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நெல் விளையும் இந்தச் சீமையிலும் பரவலாக உண்டு. அரிசி மிக மெதுவாகவே ஈரத்தை உறிஞ்சும். அதன் தூளும் குருணையும் மின்னேற்றும் துளைக்குள் புகுந்து சேதம் விளைவிக்கலாம் என்பதால் ஆப்பிள் நிறுவனம் தன் வழிகாட்டுதலில் இதை வெளிப்படையாகத் தவிர்க்கச் சொல்கிறது. துளை கீழ்நோக்கி இருக்குமாறு உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட வேண்டும். முழுவதும் உலரும்வரை மின்னேற்றக் கூடாது. ஈரமான துளைக்குள் மின்சாரம் பாய்ந்தால் அங்குள்ள உலோக முனைகள் மின்பகுப்பால் அரிக்கப்படுகின்றன. சீசன் காலத்து விடுதி அறைகளில் துவைத்த துணியே இரண்டு நாள் உலராது என்பதால், மின்விசிறி இல்லாமல் வெறும் மேசைமேல் வைத்த கைபேசி காலைக்குள் உலர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.