ஊசுட்டேரி முதல் கழுவெளி வரை: புதுச்சேரியிலிருந்து இரண்டு நாள் பறவைப் பயணம்

புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் தெருக்கள், ஆரோவில் ஆகிய மூன்றோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். காட்டுயிர்களைப் பார்க்க முதுமலைக்கோ ஆனைமலைக்கோதான் போக வேண்டும் என்ற எண்ணம் உள்ளூர்க்காரர்களிடமும் இருக்கிறது. புதுச்சேரியில் தேசியப் பூங்கா இல்லை என்பது உண்மை. ஆகப் பக்கத்தில் இருப்பது சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள கிண்டி தேசியப் பூங்கா. அதன் பரப்பு 3 சதுர கி.மீ.க்கும் குறைவு. ஆனால், நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கழுவெளி பறவைகள் சரணாலயமோ 51 சதுர கி.மீ.க்கும் மேல் விரிந்து கிடக்கிறது. கழுவெளி, ஊசுட்டேரி ஆகிய நீர்நிலைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களையும் எப்படிப் பார்ப்பது?

பூங்காவும் சரணாலயமும்

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் வேறுபடுத்துகிறது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்கு இடமில்லை. அந்த நிலத்தின் மீது மக்களுக்கு இருந்த உரிமைகள் முடித்துவைக்கப்பட்ட பிறகே பூங்கா அறிவிக்கப்படும். சரணாலயத்தில் சில உரிமைகளைத் தொடர அனுமதிக்கலாம். எனவே ஏரிச் சரணாலயத்துக்குப் போகிறவர் கரையிலேயே ஆடு மேய்ப்பவரையும் வயலுக்குப் போகிறவரையும் சந்திக்கிறார். அந்த ஏரி அவர்களுடைய வாழ்வின் ஒரு பகுதி. இதை மனதில் வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

எப்போது போவது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரிகளை நிரப்புகிறது. வலசைப் பறவைகளின் வரத்து நவம்பரில் வலுத்து, மார்ச் வரை இருக்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கழுவெளி வட்டாரமும் வெள்ளத்தில் தவித்தது.

ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் மிகப் பொருத்தமான காலம். மழை ஓய்ந்திருக்கும், ஏரியில் நீர் இருக்கும், பறவைகளும் இருக்கும், மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டும் வேலையும் தொடங்கியிருக்கும்.

முதல் நாள்: ஊசுட்டேரி

நகரின் மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், பத்துக்கண்ணு போகும் வழியில் இருக்கிறது ஊசுட்டேரி. புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளில் இதுவே பெரியது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. ஏறத்தாழ 800 ஹெக்டேர் ஏரியில் கிட்டத்தட்ட பாதி புதுச்சேரிக்கும், மீதி விழுப்புரம் மாவட்டத்துக்கும் உரியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களும் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்த எல்லை, 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகும் அப்படியே நீடித்ததால் வந்த பிரிவு இது. புதுச்சேரி தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியைப் பின்னர் தனியாக அறிவித்தது. ஆக, ஒரே ஏரிக்கு இரண்டு வனத்துறைகள். எந்தக் கரையில் இறங்குகிறோமோ அந்தத் துறையின் விதிகளைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நின்றால் பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். நாமக்கோழி, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து ஆகியவை இந்தப் பருவத்தில் எதிர்பார்க்கத்தக்கவை. வெயில் ஏறியதும் கரையோர ஊர்களில் காலை உணவை முடித்துக்கொண்டு, மதகுகளையும் பாசன வாய்க்கால்களையும் பார்க்கலாம். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் ஊர்தோறும் ஏரிப் பயன்பெறுவோர் சங்கங்களை அமைத்தது. பாசனத்துக்காக வெட்டிய ஏரியில் பறவைகள் எப்படிக் குடிவந்தன என்பதை ஒரு முதிய விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வருடம் கலங்கல் வழிந்தது, எந்த வருடம் ஏரி வறண்டது என்பதெல்லாம் அவர் சொல்லக் கேட்க வேண்டியவை.

இரண்டாம் நாள்: வடக்கே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முதலில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய துண்டுகளில் இதுவும் ஒன்று. வீரை, காயா போன்ற மரங்கள் இங்கே பிழைத்திருப்பதற்குக் காரணம் ஊராரின் பக்தி. சாமி காட்டில் கிளை ஒடிப்பதில்லை என்ற கட்டுப்பாடு எந்தச் சட்டத்துக்கும் முந்தையது.

அடுத்து கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பாக இதைச் சொல்கிறார்கள். மழைநீரைத் தாங்கும் நன்னீர்ப் பள்ளம், உப்புக்கள்ளி ஓடை, கடலைத் தொடும் எடையன்திட்டு முகத்துவாரம் என மூன்று பகுதிகள் இதற்கு உண்டு. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடம் என்பதால் மீன், இறால், நண்டுக் குஞ்சுகள் வளர ஏற்ற இடம். இரை தேடிப் பூநாரையும் கருவால் மூக்கனும் வருகின்றன. 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உட்பகுதிக்குப் போக விழுப்புரம் மாவட்ட வனத்துறையிடம் முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

சாலையோரமாக மரக்காணம் உப்பளங்கள் நீள்கின்றன. இவ்வூரையே சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமாக அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்நூலைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள இடைக்கழி நாட்டைச் சேர்ந்தவர். பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டு, எயிற்பட்டினத்தில் மீனவராகிய நுளையர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் வேட்டுவப் பெண்களான எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும், ஆமூரில் உழவர் இடும் வெண்சோறும் நண்டுக் கறியும் என்று நிலத்தையும் அங்கே வாழ்பவரையும் சேர்த்தே அறிமுகப்படுத்துகிறது. இன்றைய பயணத்துக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தால், தெற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. அருகிலுள்ள கிள்ளை ஊர்ப் பக்கத்து இருளர்கள் நீருக்குள் அமர்ந்து கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். படகுப் பயணத்துக்குப் பிறகு கிள்ளையிலும் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.

ஊருக்குள் போகும்போது

உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வரப்புகளை மிதித்து உடைக்காதீர்கள். பறவைகளை எழுப்பிப் பறக்கவைத்துப் படம் எடுப்பது அவற்றின் உணவு நேரத்தைப் பறிக்கும் செயல். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் ஒலிபெருக்கியும் வேண்டாம். கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நகரிலிருந்து சாப்பாடு கட்டிப் போவதைவிட மரக்காணத்துக் கடையில் மீன்குழம்பும் சோறும் சாப்பிடுங்கள். உள்ளூர் ஆட்டோவை அமர்த்திக்கொள்ளுங்கள்.

இந்தச் செலவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், சரணாலய அறிவிப்பு வந்ததும் கரையோர மக்களுக்கு முதலில் தெரியவருவது கட்டுப்பாடுகள்தான்: இங்கே வலை வீசாதே, அங்கே மாடு ஓட்டாதே. பறவையால் ஊருக்கும் வருமானம் உண்டு என்பது கண்முன் தெரியும்போதுதான் அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் மனமொப்பி ஏற்பார்கள். ராம்சார் பட்டியல் கழுவெளிக்கு உலக மதிப்பைத் தந்துவிட்டது. ஆனால், ஆக்கிரமிப்பைத் தட்டிக்கேட்பதும் வாய்க்கால் அடைபட்டால் குரல் எழுப்புவதும் கரையோர ஊர்களின் கையில்தான் இருக்கின்றன. உங்கள் பயணத் திட்டத்தில் பறவைகளின் பெயர்களோடு அந்த ஊர்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.