கடலில் ஒரு மைல்

கற்பிட்டிக் கரையிலே ஒரு மாலைப்பொழுதில், வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, “ஐயா, இங்கிருந்து சிலாபம் கடல்வழியாக எவ்வளவு தூரம்?” என்று வினவினேன். அவர் தலை நிமிராமலே, “வாடையிலயோ, சோளகத்திலயோ?” என்று கேட்டார்.

நெடுங்காலம் மாணாக்கருக்குப் புவியியல் கற்பித்தவன் நான். தூரத்துக்கும் காற்றுக்கும் யாது தொடர்பு என்று உள்ளூர நகைத்தேன். கற்பிட்டி ஏறத்தாழ 8 பாகை 14 கலை வட அகலக்கோட்டில் உள்ளது. சிலாபம், அதற்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே, 7 பாகை 35 கலையில். இடைப்பட்டது 39 கலை. ஆகவே தூரம் 39 கடல் மைல். கணக்கு இவ்வளவே. அகலக்கோட்டின் ஒரு கலைதான் கடல் மைல். தரை மைல் 1609 மீற்றர். அது மனிதன் தன் வசதிக்கு வகுத்துக்கொண்டது. கடல் மைலோ பூமியின் உருண்டையிலிருந்தே பெறப்பட்டது. துருவங்களிற் பூமி சற்றுத் தட்டையாதலின் கலையின் நீளம் இடத்துக்கிடம் சிறிது வேறுபடும். அதனாலே 1929இல் மொனாக்கோவிற் கூடிய சர்வதேச நீரியல் மாநாடு அதனை 1852 மீற்றர் என வரையறுத்தது. மாலுமி படத்தின் பக்க விளிம்பிலே கவராயத்தை வைத்துத் தூரம் அளப்பதன் சூட்சுமமும் இதுவே.

இவற்றையெல்லாம் முதியவருக்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“படத்தில சரி, மாஸ்டர். பாய் விரிச்ச காலத்தில வாடை பிடிச்சா, விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் சேருவம். சோளகம் எதிர்த்தா அடுத்த நாளும் நிச்சயமில்லை. ரெண்டும் ஒரே தூரமோ?”

எனக்கு இபன் பதூதாவின் நினைவு வந்தது. 1344இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நாடிப் புறப்பட்ட அவர், காற்றினால் திசைமாறி, ஒன்பதாம் நாள் இலங்கையைக் கண்டு புத்தளத்தில் இறங்கினார். அவரும் அப்பயணத்தை நாட்களாலேயே சொல்கிறார். கப்பல் மூன்று மணி நேரத்தில் ஓடும் தூரத்தை அராபிய மாலுமிகள் ‘ஸாம்’ என்றனர். நமது சாமமும் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரமே. காலத்தால் தூரத்தை அளந்தவர்கள் கணக்கறியாதவர்கள் என்று வகுப்பிலே நான் சொன்னதுண்டு. சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஆழத்தின் அளவில் மாத்திரம் எங்களுக்குள் வழக்கில்லை. இரு கைகளையும் அகல விரித்து அவர் காட்டிய பாகமும், பழைய ஆங்கிலப் படங்களில் ஆறடியாகக் கொள்ளப்பட்ட அளவும் ஒன்றே.

இன்று பாய் மறைந்துவிட்டது. பேரனிடம் இயந்திரப் படகும், தூரத்தைக் கடல் மைலில் காட்டும் செய்மதிக் கருவியும் உள்ளன. “அது முப்பத்தொன்பது எண்டு சொல்லும், எத்தனை லீற்றர் எண்ணெய் எண்டு சொல்லாது” என்றார் முதியவர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதை அவர் மறக்கவில்லை. அப்போது பல நாள் படகைக் கரையிலே ஏற்றி வைத்திருந்தார்களாம்.

பேச்சின் நடுவே பேரன் வந்து, மறுநாள் தெற்கே போவதாகச் சொன்னான். முதியவர் தென்னோலைகள் சாயும் திசையைச் சிறிது நேரம் பார்த்திருந்தார்.

“சோளகம் எழும்புது. இன்னொரு கான் ஏத்திக்கொள்.”