புதிய டயரும் சக்கரச் சமநிலையும்

கரடுமுரடான பாதைகளில் செல்லும் ஜீப் வண்டிக்குப் புதிய டயர்களைப் பொருத்தியதும், இனிக் கவலையில்லை என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அவ்வண்டி நெடுஞ்சாலையை அடைந்து மணிக்கு 70 அல்லது 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும், ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுநரின் கைகளில் நடுங்குவதுண்டு. டயர் புதியது, காற்றும் அளவோடு உள்ளது, பின் நடுக்கம் ஏன்? சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக அமையாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இத்தகைய டயர்கள் கனமானவை. தடித்த ரப்பர்க் கட்டைகளை உடையவை. எவ்வளவு கவனத்துடன் செய்யப்பட்டாலும் ஓரிடம் சற்றுக் கனத்தும் மற்றோரிடம் சற்று இலேசாகவும் அமைந்துவிடும். அந்தச் சிறு வேறுபாடும் வேகத்தில் பெரிதாகிறது. 37 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு சக்கரத்தின் ரிம்மில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் 100 கிராம் மிகை எடை இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் அது விளைவிக்கும் மையவிலக்கு விசை ஏறக்குறைய 7 கிலோகிராம் எடைக்குச் சமம். இவ்விசை நொடிக்கு 9 முறைக்கு மேல் சக்கரத்தை மேலும் கீழும் இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். காட்டுப் பாதையில் தென்படாத குறை நெடுஞ்சாலையில் வெளிப்படுவது இதனாலேயே.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தடையின்றிச் சுழலும் முன்சக்கரத்தைச் சுழற்றிவிடுக. அது ஓயும்போது, பெரும்பாலும் வால்வு உள்ள பகுதி கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ரிம்மில் சிறிதளவு களிமண்ணை ஒட்டி, அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால், சக்கரம் எந்நிலையிலும் அசையாது நிற்கும். இதுவே நிலைச் சமநிலை.

அகன்ற டயருக்கு இது மட்டும் போதாது. கனமான இடம் ஒன்று உட்புறத்திலும், அதற்கு நேர் எதிரே மற்றொன்று வெளிப்புறத்திலும் அமையின், நின்ற சக்கரம் சமநிலையில் உள்ளதுபோல் தோன்றும். சுழலும்போதோ பக்கவாட்டில் ஆடும். இதனைச் சுழற்சிப் பொறியில் வைத்து அளந்து, ரிம்மின் இரு ஓரங்களிலும் எடைகளைப் பொருத்திச் சரிசெய்தல் வேண்டும். டயரின் புறப்பரப்பில், மையத்திலிருந்து 36 சென்டிமீட்டர் தொலைவில், 50 கிராம் மிகை எடை இருப்பின், அதனை ஈடுசெய்ய 20 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள ரிம்மில் 90 கிராம் தேவைப்படும் என்பதும் நினைவிற்குரியது.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

டயரின் பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளி இருப்பின், அது பொதுவாக இலேசான இடத்தைக் குறிக்கும்; அதனை வால்வுக்கு நேராக வைத்துப் பொருத்துக. ரிம்மிலுள்ள துருவையும் காய்ந்த சேற்றையும் முதலில் நீக்குக. பொருத்தும்போது பூசிய வழுக்குப்பொருள் காயும் முன் வேகமாக ஓட்டி, திடீரெனப் பிரேக்கிட்டால், டயர் ரிம்மின்மேல் நழுவிவிடக்கூடும். செய்த சமநிலையும் வீணாகும். காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போதும் இவ்வாறு நேரலாம். டயரிலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல் ஒரு சாக்கட்டிக் கோடு இட்டு வைப்பின், நழுவியதைப் பின்னர் கண்டுகொள்ளலாம்.

நடுக்கம் எங்கே உணரப்படுகிறது என்பதும் ஒரு குறிப்பாகும். ஸ்டியரிங்கில் எனின் முன்சக்கரத்தையும், இருக்கையில் எனின் பின்சக்கரத்தையும் முதலில் ஆராய்க. வண்டி ஒரு பக்கமாக இழுப்பின், அது சமநிலைக் குறையன்று. காற்றழுத்தத்தையோ சக்கரங்களின் நேரமைப்பையோ நோக்குதல் வேண்டும். சேற்றுப் பாதையிலிருந்து வந்தவுடன் நடுக்கம் தோன்றினால், ரிம்மின் உட்புறத்தைக் கழுவிய பின்னரே பட்டறைக்குச் செல்க. பல வேளைகளில் ஒரு வாளி நீரே போதுமானது.

நடுக்கத்தைப் பொருட்படுத்தாது ஓட்டினால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும்; பேரிங்குகளும் ஸ்டியரிங் மூட்டுகளும் தளரும். ஒற்றை இருசில் இரு முன்சக்கரங்களும் இணைந்த ஜீப்புகளில், தளர்ந்த மூட்டும் சமநிலையற்ற சக்கரமும் ஒன்றுசேரின், ஒரு பள்ளத்தில் இறங்கிய அளவிலேயே சக்கரங்கள் கட்டுக்கடங்காது ஆடத் தொடங்கலாம். மலைப்பாதையின் வளைவில் அது உயிருக்கே ஆபத்தாகும். சில கிராம் எடையைச் சரியான இடத்தில் பொருத்துவது சிறு வேலைதான். அதனைப் புறப்படும் முன்னரே செய்துகொள்ளல் வேண்டும்.