எடைக்கு போட்டுடாதீங்க! அட்டாலியில் கிடக்கும் மாண்டலின் பழசா, புதுசா? கண்டுபிடிப்பது எப்படி

பெரியநாயக்கன்பாளையம்:-

தாத்தா வாசித்த மாண்டலின் அட்டாலியில் தூசி படிந்து கிடக்கிறதா? பழைய சாமானோடு எடைக்கு போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்க.

முதலில் தந்தியை எண்ண வேண்டும். மேல்நாட்டு மாண்டலினில் 4 ஜோடி, மொத்தம் 8 தந்தி இருக்கும். கர்நாடக இசையில் 5 ஒற்றை தந்தி வைத்த கரண்ட் மாண்டலினை பிரபலமாக்கியவர், 2014-ல் மறைந்த 'மாண்டலின்' யு.சீனிவாஸ். அவர் சிறுவனாக மேடை ஏறியதே 1978-ல் தான். அந்த மாதிரி வாத்தியத்தை 'நூறு வருஷ பழசு' என்று யாராவது விற்க வந்தால் உஷார்!

அடுத்தது முதுகு. பட்டை பட்டையாக மரம் ஒட்டி பானை மாதிரி உருண்டு இருந்தால் அது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர பாணி.

பிறகு துளைக்குள் டார்ச் அடித்து பாருங்க. லேபிள், நம்பர் தெரியலாம். அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1922-ல் கொண்டு வந்த எஃப்-5 மாண்டலின்களில், 1924 வரை லாய்டு லோர் என்பவர் லேபிளில் தேதி போட்டு கையெழுத்திட்டார். அவை 1 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கின்றன.

ஆனால் லேபிளை போலியாகவும் ஒட்டலாம். மரம், தந்தி முறுக்கும் கீ, வார்னிஷ் எல்லாம் அதே காலத்து சரக்குதானா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

பழசு என்று தெரிந்தால் புது வார்னிஷ் அடிக்காதீங்க. மதிப்பு குறைந்துவிடும். தந்தியை தளர்த்தி வையுங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பசை இளகி கழுத்து பிரியும்.

எல்லா மாண்டலினும் லட்சம் போகாது. ஆனால் புது தந்தி போட்டால் பேரன் வாசிக்கலாம். எடைக்கு போட்டால் அதுவும் போச்சு.